யார் வீட்டு அரிசி

ஒரு பிடி அரிசியை என் கையில் போட்டால் அது யார் வீட்டு அரிசி என்று சொல்லிவிடுவேன். இப்போது இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பெருமைக்காகத்தான் சொன்னேன். அதனால் என்ன ஆனது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் சபை தெலுங்கும் இந்தியும் பேசுகிற நகரத்தில், லாலாகுடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த திருநெல்வேலிக்காரர்களும் ஆற்காட்டுப் பக்கத்துக்காரர்களும் சேர்ந்து ஆரம்பித்த தமிழ்ச் சபை. என் வீட்டுக்காரரும் அந்த ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்தவர். எங்கள் ஆட்கள் ஊரிலிருந்து இரண்டு பழக்கங்களைக் கொண்டுவந்தார்கள். ஒன்று பிடியரிசி. தினமும் உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு அதைப் பையில் கொண்டுவந்து கோயில் வராந்தாவில் உள்ள டிரம்மில் கொட்ட வேண்டும். இன்னொன்று அசனம். அறுப்பின் பண்டிகை அன்று அந்த அரிசியைப் பொங்கி, எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது.

பைகள் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைத் துணிப் பைகள். பெண்கள் ஐக்கியத்தில் தைத்துக் கொடுத்தவை. பெயர் எழுதக் கூடாது, நூலில் அடையாளம்கூடப் போடக் கூடாது. யார் எவ்வளவு கொண்டுவந்தார், என்ன கொண்டுவந்தார் என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. இதை ஆரம்பித்தவர்களுக்கு மனிதர்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஊரில் எல்லோர் வீட்டிலும் ஏறக்குறைய ஒரே அரிசி. இங்கே அப்படி இல்லை. ஒரு வீட்டில் சோனா மசூரி, ஒரு வீட்டில் புழுங்கல், இன்னொரு வீட்டில் பிரியாணிக் கடைக்குப் போகிற பாஸ்மதியின் நொய். நாலைந்து வீட்டில் ரேஷன் கடையின் தொட்டு பிய்யம். தடிமனாக, கொஞ்சம் பழுப்பாக இருக்கும். இத்தனையும் ஒரே டிரம்மில் விழுந்தால் என்ன ஆகும்? அப்படியே உலையில் போட்டால் நொய் கூழாகிவிடும், மசூரி குழைந்துவிடும், தொட்டு பிய்யம் பல்லில் நறுக்கென்று நிற்கும்.

அதைப் பக்குவமாகப் பொங்குவதுதான் என் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் செய்தேன். முதலில் சுளகில் போட்டுப் புடைத்து நொய்யைத் தனியே எடுப்பேன். பிறகு அரிப்பில் அரித்துத் தடிச்ச அரிசியையும் சன்ன அரிசியையும் பிரிப்பேன். தடிச்சதை முந்தின நாளே ஊற வைப்பேன். உலை கொதித்ததும் தடிச்சது முதலில் போகும். அது அரைவேக்காடு ஆனதும் புழுங்கல். கடைசியில் சன்னது. எப்போது எதைப் போட வேண்டும் என்பதைக் கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது, கரண்டியில் நாலு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். சரியாகச் செய்தால் எல்லாம் ஒரே நேரத்தில் வெந்து இறங்கும். ஒன்றும் மற்றொன்றைக் காத்திருக்க வைக்காது.

கையிலே புழங்கிப் புழங்கி எனக்கு வீட்டு வீட்டு அரிசி தெரிந்துபோயிற்று. ஒரு வீட்டில் காய்ந்த மிளகாய் போட்டு வைப்பார்கள், ஒரு வீட்டில் வசம்பு. பெண்கள் சுற்றி நின்று சோதித்துப் பார்ப்பார்கள். "இது யாரு வீட்டுதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்று பையை நீட்டுவார்கள். சொல்லிவிடுவேன். சிரிப்பார்கள். யாருக்கும் தெரியக் கூடாது என்கிற விஷயத்தை வைத்து விளையாடுகிறோம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

தொட்டு பிய்யம் கொண்டுவந்தவர்களில் ஒருத்தியை எல்லோரும் ஹாஸ்டல்காரி என்று சொல்வார்கள். அமீர்பேட்டில் கோச்சிங் படிக்கிற பெண்பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டலில் தரை துடைக்கிற வேலை. ஆற்காட்டுப் பக்கம். புருஷன் விட்டுவிட்டுப் போனவன். அரிசியை ஹாஸ்டலில் காலியான ஆவக்காய் ஊறுகாய் வாளியில் வைத்திருப்பாள். எத்தனை கழுவினாலும் அந்த வாளியின் வாசம் போகாது, அரிசியிலும் ஏறியிருக்கும்.

அவளுக்கு அந்நிய பாஷை வரம் உண்டு. அதாவது ஜெபிக்கும்போது நமக்குப் புரியாத பாஷையில் பேசுவாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, போதகர் ஜெபத்தை முடித்த பிறகும் முடிக்க மாட்டாள். சத்தமாக அழுவாள். எனக்கு அது பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. எனக்குக் கண்ணை மூடி, வாயை மூடி ஜெபித்துத்தான் பழக்கம். ஆனால் என் வீட்டுக்காரர் ரயில்வே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சபையார் ஆப்பிள் கொண்டுவந்து வைத்து, ஒரு ஜெபம் செய்து, பத்து நிமிஷத்தில் போனார்கள். அவள் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வந்து, வீங்கின அவர் காலை மடியில் வைத்துப் பிடித்துவிடுவாள். பதினோரு நாள். நான் அந்த நேரத்தில்தான் தூங்கினேன்.

புதுப் போதகர் வந்தார். சின்ன வயசு, நல்ல குரல். மூன்று வாரம் தொடர்ந்து வரங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். சரீரம் ஒன்று, அவயவங்கள் பல. கண் கையைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டு எல்லோரும் தலையாட்டினார்கள். நாலாவது வாரம் ஒரு படிவம் கொடுத்தார். வரிசையாகக் கட்டங்கள்: பிரசங்கம், பாடல், போதனை, குணமாக்குதல், அந்நிய பாஷை, நிர்வாகம், உபசரிப்பு. அவரவர் வரத்துக்கு நேரே டிக் போட வேண்டுமாம். பாடகர் குழுவில் தாழ்ந்த குரலில் பாடும் ஒருவர் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுக் கொடுத்தார். நான் ஒன்றிலும் போடவில்லை. அரிசி என்று கட்டம் இல்லை. போதகரே பேனாவை வாங்கி உபசரிப்பில் போட்டார்.

சபைச் செயலாளர் நிர்வாகத்துக்கு டிக் போட்டார். அது அவருக்கு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். திருமுல்கேரியில் சொந்த வீடு, பாதுகாப்புத் துறை ஆபீஸில் பெரிய வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கூரை ஒழுகினால் ஆள் கூட்டிவந்து நிற்பார். ஆனால் எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும், செருப்புகள்கூட. அவருக்கு ஹாஸ்டல்காரியின் சத்தம் தலைவலி. அவளுடைய படிவத்தைப் பார்த்து, "அந்நிய பாஷையாம். தமிழே ஒழுங்கா வரல" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் வாயை மூடு என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. மூன்று வாரப் பிரசங்கம் குறுக்கே நின்றது. அதனால் வேறு வழியாக வந்தார்கள்.

அந்த வருஷ அசனத்துக்கு முந்தின அசனத்தில் சிறப்பு விருந்தாளியாக வந்த ஒரு பெரியவர், சோற்றைப் பிசைந்துவிட்டு, "என்ன, பல நிறத்துல இருக்கு?" என்று கேட்டிருந்தார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். செயலாளருக்கு மட்டும் அது நெஞ்சில் குத்திக்கொண்டது. வருஷம் பூராவும் சுமந்திருந்து, இந்தப் பிரசங்கம் முடிந்த மாதத்தில் அறிவிப்பு நேரத்தில் எழுந்து சொன்னார்: "நாம எல்லாரும் ஒரே சரீரம். ஐக்கியத்துக்கு அடையாளமா இனிமே பிடியரிசிக்கு எல்லாரும் சோனா மசூரிதான் கொண்டுவரணும். டிரம்ல நேரா கொட்ட வேண்டாம், மேஜையில வையுங்க. அக்கா பார்த்துக் கொட்டுவாங்க."

அக்கா என்றது என்னை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனாலும் எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

புழுங்கல் சாப்பிடுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு அசனத்துக்கென்று தனியாக மசூரி வாங்கிவந்தார்கள். அது பிடியரிசியே இல்லை. நாம் தின்கிற சோற்றிலிருந்து ஒரு பிடியைக் குறைத்துக் கொடுத்தால்தான் அது பிடியரிசி. கடையில் நிறுத்து வாங்கி வந்தால் அது வெறும் அரிசி. இது எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

முதல் ஞாயிறு மேஜையில் பைகள் இருந்தன. ஆராதனை முடிந்து பெண்கள் வராந்தாவில் நின்றார்கள். செயலாளர் ஒவ்வொரு பையாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு பையில் தொட்டு பிய்யம்.

"மற்ற ரேஷன் வீட்டுக்காரங்க எல்லாம் மாத்திக் கொண்டுவந்துட்டாங்க. இது யாரு, இவ்வளவு சொல்லியும்?" என்றார். என் பக்கம் பையை நீட்டினார். "சொல்லுங்கக்கா. உங்களுக்குத்தான் அந்த வரம் உண்டே!"

வரம் என்று அன்றைக்குத்தான் ஒருவர் அதைச் சொன்னார். கையை விட்டு ஒரு பிடி எடுத்தேன். முகர்ந்தேன். ஊறுகாய் வாசம். "இது நம்ம ஹாஸ்டல்காரி வீட்டு அரிசில்லா" என்றேன். யோசிக்கவே இல்லை. பரீட்சையில் கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி சொன்னேன்.

அவள் அப்போதுதான் உள்ளேயிருந்து வெளியே வந்தாள். செயலாளர் பையைக் கட்டினார். சத்தம் போடவில்லை, அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. அத்தனை பேர் முன்னால் அதை அவள் கையில் கொடுத்து, "சிஸ்டர், இதை நீங்களே வச்சுக்கோங்க. உங்களுக்கு உதவும்" என்றார்.

அவள் பையைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். "நான் துன்றதுதாங்க இது" என்றாள். "வேற வாங்கினு வந்தா அது ஆண்டவருக்கு நான் குடுத்ததா ஆவாதே?"

"எல்லாரும் ஒரே மாதிரி செய்றப்போ நீங்க மட்டும் தனியா இருக்கக் கூடாது இல்லையா?" என்றார் அவர்.

"ஹவ் ஹவ், சரிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். என்னைப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

அந்த வருஷ அசனத்துக்கும் நான்தான் பொங்கினேன். சுளகு இல்லை, அரிப்பு இல்லை, முந்தின நாள் ஊறவைக்கிற வேலை இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறி இறக்கினேன். எந்தப் பிள்ளையும் செய்கிற வேலை. சோறு வெள்ளை வெளேர் என்று வந்தது. ஆளாளுக்கு வந்து, "இந்த வருஷம்தான் சாதம் சாதம் மாதிரி இருக்கு" என்றார்கள். நான் சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

கடைசி பெஞ்சு காலியாகக் கிடந்தது. ஜெபம் ஒரே நேரத்தில் ஆரம்பித்து ஒரே நேரத்தில் முடிந்தது. எனக்குப் பிடித்த அமைதிதான். அந்த அமைதியில் என்னால் ஒரு வார்த்தை ஜெபிக்க முடியவில்லை.

போதகரிடம் போனேன்.

"ஐயா, மூணு வாரமா அவயவம் அவயவம்னு பேசுனிய. ஒண்ண வெட்டிப் போட்டாச்சு. எங்க கெடக்குன்னு தேடக்கூட ஆளில்ல."

"அக்கா, அவங்க விருப்பப்பட்டுத்தான் வரல. யாரும் வராதீங்கன்னு சொல்லல."

"பைய கையில குடுத்து அனுப்புனா அதுக்கு என்ன அர்த்தம்?"

"நான் வந்து ஒரு வருஷம்கூட ஆகல. கமிட்டி முடிவு..." என்று இழுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆராதனை இப்ப ஒழுங்கா இருக்கு இல்லையாக்கா?" என்றார்.

அவரும் அதைத்தான் நினைத்தார். அரிசி ஒரு சாக்கு. அவளுடைய வாயை அடைக்க முடியாமல் பையை அடைத்தார்கள். அதற்கு என் மூக்கை உபயோகித்தார்கள். நான் கொடுத்தேன்.

வீட்டில் மகளிடம் சொன்னேன். தார்நாக்காவில் வளர்ந்தவள், நான் தமிழில் பேசினால் எல்லாம் கலந்து பதில் சொல்வாள். "கைக்கு டென்ஷன் மம்மி? ஜா கே ஸாரி போல் தோ" என்றாள். லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எதற்கு டென்ஷன், போய் மன்னிப்புக் கேள் என்று அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். எனக்கு அதற்கு இரண்டு மாதம் ஆயிற்று.

அமீர்பேட்டில் மெட்ரோவுக்குக் கீழே இறங்கிச் சந்துக்குள் போனால் எந்தச் சுவரும் தெரியாது. அத்தனையும் கோச்சிங் போர்டு. விசாரித்து விசாரித்து அந்த ஹாஸ்டலைக் கண்டுபிடித்தேன். அவள் இரண்டாம் மாடிப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ஈரத்தில் மிதித்துக்கொண்டு ஏறிப் போனார்கள்.

"தோத்திரம்க்கா" என்றாள். மாப்பைச் சுவரில் சாய்த்தாள். "இன்னா இவ்ளோ தூரம்? கால் வலி எப்டி கீது?"

படியிலேயே உட்கார்ந்தேன். பக்கத்துக் கடையில் சாயா சொல்லி வாங்கிவந்தாள். என்னென்னவோ பேசினேன். என் முழங்கால், மகள் வேலை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். பைங்க எல்லாம் ஒரே மாதிரி. பேர் இல்ல. அது என்துன்னு அவருக்கு எப்டித் தெர்ஞ்சிது?"

சாயாவைக் கீழே வைத்தேன். "நாந்தான் சொன்னேன்."

"தெர்யும்" என்றாள்.

"பின்ன ஏன் கேட்ட?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்."

கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. என் வீட்டுக்காரர் காலைப் பதினோரு நாள் பிடித்துவிட்டதை அவள் சொல்லிக் காட்டுவாள் என்று பஸ்ஸில் வரும்போதே பயந்தேன். அதை எடுக்கவே இல்லை.

"என்ன மன்னிச்சிரு, பிள்ள" என்றேன். அந்த வார்த்தை எனக்குச் சுலபத்தில் வராது.

"அன்னிக்கே வுட்டுட்டேன்க்கா. மனசுல வச்சிகினா ஜெபம் வராது."

"அப்ப ஞாயித்துக்கிழம வா. எம் பக்கத்துல உக்காரு. எவன் என்ன சொல்லுதான்னு பாப்போம்."

"நக்கோ" என்று தலையாட்டினாள். வேண்டாம் என்று. "இங்கயே சந்து முனைல மாடி மேல ஒரு கூட்டம் நடக்குது. தெலுங்கு, இந்தி, தமிழு எல்லாம் கலந்து. எல்லாரும் சத்தமாத்தான் ஜெபம் பண்றாங்க. யார் சத்தம் யார்துன்னு தெர்யாது."

"அது நம்ம சபையா?"

"லாலாகுடா மட்டும் இன்னாவாம்? நம்ம சபையா இருந்துச்சா?" என்று கேட்டாள். உடனே அவளுக்கே சங்கடமாகப் போய்விட்டது. "இருங்கக்கா, மூணாவது மாடி பாக்கி கீது. வார்டன் கத்தும். அடுத்தவாட்டி போன் போட்டுட்டு வாங்க."

போன் போட்டுவிட்டு வரச் சொன்னாள். முன்பு என் வீட்டுக்கு அவள் போன் போட்டுவிட்டு வந்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் நான் எழுந்தேன். "ஒரு அறிவிப்பு" என்றேன். செயலாளர் மைக்கைக் கொடுக்கவில்லை. மைக் இல்லாமலே சொன்னேன்.

"பிடியரிசிப் பையில பேரு போடக் கூடாதுன்னு நம்ம பெரியவிய வச்ச வழக்கம். அத நாந்தான் மீறுனேன். அவ பைய முகந்து பாத்துக் காட்டிக் குடுத்தது நானு. அவ வராம இருக்கதுக்கு நானும் காரணம், பைய குடுத்தவரும் காரணம், சிரிச்சவங்களும் காரணம். அவள நாம எல்லாரும் போய்க் கூப்பிடணும். தனித்தனியா இல்ல. சபையா போகணும். அதுவரைக்கும் நான் அசனத்துக்குப் பொங்க மாட்டேன்."

"சிஸ்டர், உட்காருங்க. இதைக் கமிட்டியில பேசிக்கலாம்" என்றார் செயலாளர். போதகர் புத்தகத்தைப் புரட்டினார். பாடகர் குழுத் தலைவியைப் பார்த்தார். ஆர்மோனியம் ஆரம்பித்தது. எல்லோரும் பாட எழுந்தார்கள். நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் நானும் பாட எழுந்தவள் மாதிரி ஆகிவிட்டது.

வெளியே வந்தபின் வேப்பமரத்தடியில் ஐந்தாறு பெண்கள் ஒவ்வொருத்தியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா கேட்டீங்கக்கா" என்று காதில் சொன்னார்கள். "உள்ள ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன். "எங்க வீட்டுக்காரரு கமிட்டியில இருக்காருல்ல" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார்கள்.

கமிட்டி பேசியது. அக்காவுக்கு வயசாகிவிட்டது, ஓய்வு கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அடுத்த அறுப்பின் பண்டிகைக்குக் கேட்டரிங்காரன் வந்தான். பிளாஸ்டிக் நாற்காலி, மேஜை, தம் பிரியாணி. எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். டிரம்மைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்திருக்கிறார்கள், குடை போடுவதற்கு. இப்போது ரேஷன் கடையிலேயே சன்ன அரிசிதான் கொடுக்கிறார்கள். எது பணக்காரன் அரிசி, எது ஏழை அரிசி என்று கண்ணால் பார்த்து என்னாலும் சொல்ல முடியாது. இந்த அரிசி இரண்டு வருஷம் முன்னாலேயே வந்திருந்தால் அவள் பை மற்றப் பைகளோடு போயிருக்கும். அப்போதும் அவளைத் துரத்த வேறு ஏதாவது கண்டுபிடித்திருப்பார்கள்.

நான் இன்னும் அதே சபைக்குத்தான் போகிறேன். அங்கேதான் என் வீட்டுக்காரரை அடக்கம் பண்ண ஜெபித்தார்கள், வேறெங்கே போவேன். கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எழுந்து நின்று பேசின அன்றைக்குச் சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சபையாக வந்து கூப்பிடச் சொல்லியிருக்கிறேன் என்றேன்.

"ஏங்க்கா உங்களுக்கு இந்த வேலை?" என்றாள். பின்னால் யாரோ வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"அவிய வந்தா வருவியா?"

"வர மாட்டாங்கக்கா."

"வந்தா?"

"நக்கோ அக்கா" என்றாள்.